அச்சமும் அகமகிழ்வும்: ஆராதனையைத் திட்டமிடுவோருக்கு

ஆராதனையை நடத்தும் பொறுப்பிலுள்ள குருவானவரும் பாடற்குழுத் தலைவரும் சபை மூப்பர்களும் கேட்கும் முறையீடுகளில் இரண்டு மிகப் பழையவை. கோயில் கச்சேரி மேடையாகிவிட்டது, பயபக்தி போய்விட்டது என்று ஒரு சாரார் வருந்துகின்றனர்; உயிர்த்தெழுந்த ஆண்டவரை வணங்கும் இடம் துக்க வீடுபோல் இருக்கிறது என்று மற்றொரு சாரார் சலித்துக்கொள்கின்றனர். இரு சாராரும் தம்மை அறியாமலே ஒரே கணக்கைப் போடுகின்றனர்: மகிழ்ச்சி கூடினால் பக்தி குறையும், பக்தி கூடினால் மகிழ்ச்சி குறையும் என்பதே அக்கணக்கு. இதை ஏற்றுக்கொள்ளும் சபை இரண்டுக்கும் நடுவில் ஒரு மிதமான இடத்தைத் தேடிப் போகிறது. ஆனால் அந்த நடுவிடத்தில் பெரும்பாலும் கிடைப்பது, யாரையும் புண்படுத்தாததும் யாரையும் அசைக்காததுமான ஓர் ஆராதனையே. இரண்டும் ஒருசேரப் பெருகவும் கூடும், ஒருசேர வற்றவும் கூடும் என்பதும், ஆகவே திட்டமிடுவோர் பார்க்க வேண்டியது அளவை அல்ல, எது எந்த இடத்தில் வருகிறது, சபையார் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு அழைத்துச் செல்லப்படுகின்றனர் என்பதையே என்பதும் இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

பயபக்தி என இங்கே குறிக்கப்படுவது தண்டனைக்கு நடுங்கும் அச்சம் அன்று. தன்னைவிட அளவற்றுப் பெரியவரின் முன்னிலையில் நிற்கிறோம் என்ற உணர்வும், அந்த உணர்வுக்கேற்ற உடல் ஒழுங்கும் சேர்ந்தது அது. கொண்டாட்டம் என்பதும் வெறும் உற்சாகமன்று. கடவுள் செய்து முடித்த ஒன்றுக்காகச் சபை கூடி வெளிப்படையாக மகிழ்வதே அது. முதல் ஈஸ்டர் காலையில் கல்லறையை விட்டு ஓடிய பெண்களுக்குப் பயமும் பெருமகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் இருந்தன என்று மத்தேயு நற்செய்தி 28ஆம் அதிகாரம் கூறுகிறது. லேவியராகமம் 9ஆம் அதிகாரத்தின் முடிவில் பலிபீடத்தில் அக்கினி இறங்கியபோது, மக்கள் ஆர்ப்பரித்ததும் முகங்குப்புற விழுந்ததும் ஒரே வசனத்தில் சொல்லப்படுகின்றன. அங்கே எது முதலில், எது பிறகு என்று பிரித்துக் காட்ட அந்நூலாசிரியர் முயலவில்லை.

பேழையின் இரண்டு பயணங்கள்

இப்பொருளைச் சபையில் கற்பிக்க விரும்புவோருக்கு 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. அதை 1 நாளாகமம் 13, 15 ஆகிய அதிகாரங்களோடு சேர்த்துப் படித்தால்தான் முழுப் பொருளும் விளங்கும். உடன்படிக்கைப் பேழையை, அதாவது கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளமாக இஸ்ரவேலர் போற்றிய பெட்டியை, எருசலேமுக்குக் கொண்டுவரத் தாவீது இருமுறை முயன்றார். முதல் முறை பேழை புதிய வண்டியில் ஏற்றப்பட்டது. சுரமண்டலங்களும் தம்புருகளும் மேளங்களும் கைத்தாளங்களும் முழங்கின. மாடுகள் இடறியபோது பேழையைப் பிடித்த ஊசா அங்கேயே இறந்தான். பேழை மூன்று மாதம் ஓபேத்ஏதோமின் வீட்டில் தங்கியது. இரண்டாம் முறை லேவியர் அதைத் தண்டுகளால் தோள்மேல் சுமந்தனர், தாவீது சணல்நூல் ஏபோத்தைத் தரித்துத் தம் முழுப் பலத்தோடும் நடனமாடினார், அம்முறை ஒருவரும் சாகவில்லை.

இந்த வரலாற்றை ‘முதல் முறை ஆர்ப்பாட்டம், இரண்டாம் முறை அடக்கம்’ என்று சிலர் விளக்குவது பாடத்துக்குப் பொருந்தாது. இரண்டு முறையும் ஆர்ப்பரிப்பு இருந்தது, இரண்டாம் முறையில் அது நடனமாகவும் எக்காளத் தொனியாகவும் விரிந்தது. வேறுபாடு வண்டியில் இருக்கிறது. பேழையைத் தோளில் சுமக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். வண்டியில் ஏற்றுவதோ முன்பு பெலிஸ்தர் கையாண்ட வழி. அது பார்வைக்குச் சிறப்பாகவும் வேலைக்கு எளிதாகவும் இருந்திருக்க வேண்டும். வேறோர் இடத்தில் கண்டு வியந்த மேடை அமைப்பையும் விளக்குகளையும் தம் சபைக்குப் பொருந்துமா என்று பாராமல் வாங்கிவிடும் குழுக்களுக்கு இந்தப் புதிய வண்டி நினைவில் இருப்பது நல்லது. இரண்டாம் பயணத்துக்கு முன் தாவீது செய்த வேலையும் கவனத்துக்குரியது: ஏமான், ஆசாப், ஏத்தான் ஆகியோருக்குக் கைத்தாளங்கள் ஒப்படைக்கப்பட்டன, யார் தம்புரு வாசிப்பது, யார் எக்காளம் ஊதுவது என்று பெயர்பெயராக வகுக்கப்பட்டது, பாட்டைக் கற்பிக்கும் பொறுப்பு அதில் தேர்ந்தவர் என்பதற்காகவே கெனானியாவுக்குத் தரப்பட்டது. ஒழுங்கு அங்கே மகிழ்ச்சிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அரசன் தன்னை மறந்து ஆட முடிந்ததற்கு, மற்ற எல்லாவற்றையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம்.

வெளித்தோற்றம் அளவுகோலாகாது

எந்தச் செயல் பக்தியைக் காட்டுகிறது, எது அவமதிப்பாகிறது என்பது மரபுக்கு மரபு மாறுவதால், தம் ஊர் வழக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் விரைவில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் வணங்க வருவோர் காலணியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றே வழிபடுகின்றனர். அதே திருச்சபையில் தெப்தெரா எனப்படும் பயிற்சி பெற்ற பாடகர்கள் கையில் தண்டும் சிஸ்ட்ரம் எனும் கிலுகிலுப்பைக் கருவியும் ஏந்தி, பெரிய முரசின் தாளத்துக்கு அசைந்தாடுகின்றனர். ஜனவரி 19 அளவில் வரும் திம்கத் திருவிழாவில், உடன்படிக்கைப் பேழையின் அடையாளமாகப் போற்றப்படும் தாபோத், மக்கள் கண்ணில் படாதவாறு துணியால் மூடப்பட்டுக் குருவின் தலைமேல் எடுத்துச் செல்லப்படும்போது, அதற்கு முன்பாக மக்கள் பாடியும் ஆடியும் செல்கின்றனர். தொட அஞ்சுவதும் ஆடிக் களிப்பதும் அங்கே ஒரே ஊர்வலத்தில் நடக்கின்றன.

1988இல் உரோமை ஒப்புதல் அளித்த, அன்றைய ஸயிர் நாட்டு (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) மறைமாவட்டங்களுக்கான திருப்பலி முறை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் வானவர் கீதத்தின்போது குருவும் துணைப்பணியாளரும் பலிபீடத்தைச் சுற்றித் தாளத்தோடு அசைந்தாடுகின்றனர். பாவ மன்னிப்பு வேண்டல் தொடக்கத்தில் அல்லாமல் மறையுரைக்கும் விசுவாச அறிக்கைக்கும் பின் வைக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து சமாதான வாழ்த்து வருகிறது. இறைவார்த்தையைக் கேட்ட பிறகே மனிதன் தன் குறையை உணர்கிறான் என்ற கருத்து இந்த வரிசையில் பொதிந்திருக்கிறது. ஆட்டம் அங்கே எழுதப்பட்ட முறைமையின் ஒரு பகுதி, யாருக்கோ திடீரென்று தோன்றியதன்று.

தமிழர் நடுவிலும் இத்தகைய சேர்க்கை உண்டு. கொழும்பில் 1920களில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் சபைகளில் வெள்ளுடையும், ஆணும் பெண்ணும் தனித்தனியே தரையில் அமர்வதும் எவ்வளவு கண்டிப்பானவையோ, கைதட்டலும் உரத்த துதியும் அவ்வளவு இயல்பானவை. கத்தோலிக்கத் தரப்பில், 1969இல் இந்திய ஆயர்கள் உரோமையின் இசைவோடு ஏற்ற பன்னிரு அம்சங்கள் தரையில் அமர்தல், முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கல், ஆரத்தி முதலியவற்றை வழிபாட்டில் அனுமதித்தன. அவை எழுப்பிய எதிர்ப்பும் சிறியதன்று. ஒருவருக்குப் பணிவாகத் தெரிந்த அதே கைகூப்பல் மற்றொருவருக்கு வேறு கோயிலை நினைவூட்டியது. இதிலிருந்து திட்டமிடுவோர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: புதிய அசைவு ஒன்றைக் கொண்டுவரும் முன் அதன் பொருளைச் சபைக்குக் கற்பிக்க வேண்டும், கற்பிக்காமல் திணித்தால் நல்ல அசைவும் வேடிக்கையாகிவிடும்.

வரிசையும் திருப்பமும்

ஆராதனை முறைமை என்பது எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் என்ற வரிசை. திருப்பம் என்பது அந்த வரிசையில் மனநிலை மாறும் இடம். பெரும்பாலான ஆராதனைகள் கெடுவது இந்தத் திருப்பங்களில்தான். பாவ அறிக்கையைச் சொல்லி முடித்த மூச்சிலேயே துள்ளல் பாட்டு தொடங்கினால் மன்னிப்பு வழங்கப்பட்டதே யாருக்கும் உறைக்காது; மறுபுறம், மன்னிப்பின் வார்த்தை அறிவிக்கப்பட்ட பிறகும் குனிந்த தலையும் தழுதழுத்த குரலும் தொடர்ந்தால் அந்த வார்த்தையை நம்பவில்லை என்றே பொருள்படும். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுத மக்களை, அந்த நாள் பரிசுத்தமானது என்பதையே காரணமாகக் காட்டி, அழ வேண்டாமென்று லேவியர் தடுக்கின்றனர். உண்டு குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கனுப்பச் சொல்லப்படுகிறது. திருப்பத்தைத் துணிந்து அறிவித்த தலைமை அது. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்ச் சபைகளில் பண்டிகையோடு நடக்கும் அசனம், அதாவது சபையார் எல்லோரும் கூடி உண்ணும் விருந்து, இந்த மரபோடு இயல்பாகப் பொருந்துகிறது.

திருச்சபை ஆண்டு இத்தகைய திருப்பங்களை ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறது. லெந்து நாட்களில், கத்தோலிக்கர் தவக்காலம் என வழங்கும் நாற்பது நாட்களில், அல்லேலூயா பாடப்படுவதில்லை. பல சபைகளில் திருமணமும் நடப்பதில்லை. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்தோடு ஒலிக்கும் மணிகள் அதன்பின் மௌனமாகி, பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதத்தோடு மீண்டும் ஒலிக்கின்றன. குருத்தோலை ஞாயிறோ இன்னும் துணிச்சலானது: கத்தோலிக்க முறையில் ஓசன்னா முழக்கத்தோடு பவனி வந்த அதே மக்கள், சிறிது நேரத்தில் பாடுகளின் வரலாற்றைக் கேட்டு நிற்கின்றனர். குழந்தைகளின் ஓலைப் பவனியை மட்டும் சிறப்பாக நடத்திவிட்டுப் பாடுகளின் வாசகத்தைச் சுருக்கிவிடும் சபைகள் அந்த நாளின் பாதியை இழந்துவிடுகின்றன.

டிசம்பர் 31 இரவு ஆராதனையை இங்குச் சற்று விரிவாகக் கருதலாம், ஏனெனில் ஆண்டு முழுவதும் வராதவர்களும் அன்று வருகின்றனர். வழக்கமாக நேர்வது இதுதான்: பாடல்களும் சாட்சிகளும் நீண்டு, அருளுரையின் நடுவில் மணி பன்னிரண்டாகிவிடுகிறது, பிரசங்கியார் பாதி வாக்கியத்தில் நிற்க, வெளியே வெடி வெடிக்கிறது. மாறாக, 11 மணிக்குத் தொடங்கும் ஆராதனையில் முதல் ஒரு மணி நேரத்தை முடிந்த ஆண்டுக்கு ஒதுக்கி, 90ஆம் சங்கீத வாசிப்பு, குறுகிய அருளுரை, அவ்வாண்டில் மரித்த சபையாரின் பெயர்கள், பாவ அறிக்கை, ஐந்து நிமிட மௌனம் என்று அமைத்தால், பன்னிரண்டு மணிக்கு ஒலிக்கும் கோயில் மணியே திருப்பமாகிவிடும். அதன் பிறகு எழுந்து நின்று பாடும் பாட்டும், வாழ்த்தும், திருவிருந்தும் தாமாகவே கொண்டாட்டமாகும். ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கி, பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலிலும் இடம்பெற்ற உடன்படிக்கை ஆராதனையை இதனோடு இணைப்பதும் பொருத்தமே. வாக்குத்தத்த வசன அட்டைகளை ஆராதனை முடிந்த பின் வாசலில் கொடுப்பது நலம். நற்கருணைக்கு வரும் கூட்டத்தைவிட அட்டைக்கு வரும் கூட்டம் வேகமாக வருகிறது.

ஒலிபெருக்கியைப் பற்றிய சட்டமும் இங்கே குறிப்பிடத்தக்கது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைப்பதற்குத் தடை உண்டு. விழா நாட்களுக்காக, ஆண்டில் மொத்தம் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். தளர்வு கிடைத்தாலும் கொண்டாட்டம் தொடங்கும் அதே நொடியில் வெளிக்குழாய் நிறுத்தப்பட வேண்டும் என்பதே இதன் பொருள். இதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை, மூடிய கதவுக்குள் சபையின் குரலே மகிழ்ச்சியைச் சுமக்க வேண்டிய நிலை நல்ல பயிற்சியே.

பாட்டு

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பாட்டு மரபில் இரண்டு ஓடைகள் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலம் தொட்டு, ஜெர்மானிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடிய ஞானப்பாட்டுகள் ஒன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் இராக தாளத்தோடு பாடப்படும் கீர்த்தனைகள் மற்றொன்று. கீர்த்தனை மரபைத் தழைக்கச் செய்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்ட பின் அவை சபைதோறும் பரவின. ஞானப்பாட்டே பக்தி, கீர்த்தனையே மகிழ்ச்சி என்றோ, இரண்டுமே பக்தி, இக்காலப் பாடல்களே ஆரவாரம் என்றோ வகுப்பது எளிது, அது உண்மையன்று. ஒரு காலத்தில் கீர்த்தனையே கோயிலுக்குத் தகாத புதுமை என்று ஐயுறப்பட்டது என்பதை இன்று அதைப் பழமையின் பெயரால் காப்பவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மெட்டின் வயதைவிட முக்கியமானது சபை பாடுகிறதா என்பது. கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தறியாதவரும் மூன்றாம் சரணத்துக்குள் சேர்ந்துகொள்ள முடிந்தது. இன்று முன்னின்று பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையில் சுதி வைப்பதும், தனியாகக் கேட்க இனிக்கும் சங்கதிகளைச் சேர்ப்பதும் சபையின் வாயை அடைத்துவிடுகின்றன. ஆணும் பெண்ணும் முதியோரும் சேர்ந்து தொடக்கூடிய உச்ச ஸ்வரத்தைப் பார்த்தே சுதி வைக்க வேண்டும். ஒத்திகையில் வாத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு சரணத்தைப் பாடிப் பார்த்தால், அந்தப் பாட்டு சபைக்கு உரியதா குழுவுக்கு மட்டும் உரியதா என்பது உடனே தெரிந்துவிடும். காலப்பிரமாணமும் அவ்வாறே: விசைப்பலகையில் பதித்து வைத்த தாளத்தின் வேகத்தில் பாடினால் முதியோர் சொல்லை விழுங்குகின்றனர், இழுத்துப் பாடினால் ஸ்தோத்திரப் பாட்டும் ஒப்பாரியாகிறது.

வெஸ்லி 1761இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பில் பாடுவோருக்கு ஏழு நெறிகளை எழுதினார். அரைத்தூக்கத்தில் பாடாமல் தைரியமாகக் குரலெடுத்துப் பாட வேண்டும் என்று ஒரு நெறி சொல்ல, அடுத்தது பிறர் குரலை அமுக்கிக் கூச்சலிடாமல் அடக்கமாகப் பாட வேண்டும் என்கிறது. கடைசி நெறி, ஓசையில் மயங்காமல் ஒவ்வொரு சொல்லிலும் கடவுளை நோக்கியிருக்கக் கேட்கிறது. இந்த ஏழையும் தமிழில் எழுதிப் பாடற்குழு அறையில் ஒட்டிவைப்பது நல்லது. அகுஸ்தீனாரும் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் இதே கவலையை வெளியிடுகிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை உருக்கிய வேளைகளில் தாம் தவறியதாக அவர் கருதினார், ஆயினும் திருச்சபையில் பாட்டு வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. அவரே சங்கீத விளக்கவுரையில், அறுவடைக் களத்தில் மகிழ்ச்சி மிகுந்து சொல்லை விட்டுவிட்டு ஓசையால் மட்டும் பாடும் உழைப்பாளரைக் காட்டி, சொல்லில் அடங்காத கடவுளுக்கு அத்தகைய பாட்டும் தகும் என்கிறார்.

மௌனமும் மற்றவையும்

மௌனம் என்பது அடுத்த நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகும் இடைவெளி அன்று, அதுவும் ஆராதனையின் ஒரு செயல். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை பாவ மன்னிப்பு வேண்டலிலும், மன்றாட்டு அழைப்புக்குப் பின்னும், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பின்னும், நற்கருணைக்குப் பின்னும் மௌனம் கேட்கிறது. நடைமுறையில் இந்த நான்கு இடங்களையும் விசைப்பலகையின் மெல்லொலி நிரப்பிவிடுகிறது. அதை நிறுத்தி, முதல் மாதம் அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம் என்று பழக்க வேண்டும். எதற்கான மௌனம் என்பதை ஒரே வாக்கியத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இருமலும் கைப்பேசியும் குறையும். குழந்தையின் அழுகையை மௌனத்தின் பகையாகக் கருதித் தாயை வெளியே அனுப்பும் வழக்கம் எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

திருவிருந்தில் சபையார் வரிசையில் வரும்போது தொடர்ந்து பாடுவது பெரும்பாலும் நன்மையே தரும், ஆனால் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த பாட்டாக இருக்க வேண்டும், கையில் புத்தகத்தோடு யாரும் அப்பத்தைப் பெற இயலாது. அடக்க ஆராதனையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிவிப்பது கடமை. அதைக் காரணம் காட்டி அழுவோரை அடக்குவது கொடுமை. இயேசுவே லாசருவின் கல்லறையருகில் அழுதார்.

கைதட்டலாமா, மேளம் வைக்கலாமா, முக்காடு கட்டாயமா என்ற வழக்குகள் சபைக் குழுவுக்கு வரும்போது, எந்தக் கட்சி வெல்வது என்று வாக்கெடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். பவுல் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் கேட்கும் கேள்விகள் இதைவிடப் பயனுள்ளவை: இதனால் சபை கட்டப்படுகிறதா, புதிதாக உள்ளே வருபவர் இதை என்னவென்று எண்ணுவார். ஆடிய தாவீதைச் சன்னலிலிருந்து இகழ்ந்த மீகாளைச் சிலர் இந்த வழக்குகளில் ஆயுதமாக எடுப்பதுண்டு. அடக்கத்தை விரும்பும் மூத்தவர்கள் எல்லோரும் மீகாள்கள் அல்லர். அவர்களுள் பலர் அந்தக் கோயிலின் கல்லைச் சுமந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் எதை இழப்பதாக அஞ்சுகின்றனர் என்று கேட்டால், பல வேளைகளில் பதில் மேளத்தைப் பற்றியதாக இராமல், தமக்குத் தெரிந்த ஒரு பாட்டும் இப்போது பாடப்படுவதில்லை என்பதாக இருக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை குருவானவர், பாடற்குழுத் தலைவர், ஒரு மூப்பர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பின்வரிசையில் உட்காரும் காது மந்தமான ஒருவர் ஆகியோர் கூடி, சென்ற வாரங்களின் முறைமையை முன்வைத்துக்கொண்டு, சபை எங்கே பாடுவதை நிறுத்தியது, எங்கே கடிகாரத்தைப் பார்த்தது, எந்தத் திருப்பம் பிடிபடவில்லை என்று குறித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. ஒரு மாதத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதிருப்பதும், செய்த மாற்றத்தை மூன்று மாதம் கழித்து அதே ஐவரைக் கொண்டு சோதிப்பதும் போதும்.